முப்பது அடிக் குழாய்

பாதாள சாக்கடைத் திட்டம் பற்றிய செய்திகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. இத்தனை கோடி மதிப்பீடு, இத்தனை கிலோமீட்டர் குழாய், இத்தனை சதவீதப் பணி முடிந்தது, மீதி மழைக்காலத்துக்கு முன்பே முடிந்துவிடும். இந்தக் கணக்கில் வராத இடம் ஒன்று உண்டு. வீட்டுக் கழிவறையிலிருந்து தெருவிலுள்ள மேன்ஹோல் வரைக்குமான இருபது, முப்பது அடி. ஒப்பந்தக்காரரின் பொறுப்பு தெருவோடு முடிந்துவிடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பாடு, அவர் கூப்பிடும் பிளம்பர் பாடு. கோடிக்கணக்கில் செலவழித்த திட்டங்கள் பல ஊர்களில் தேங்கி நிற்பது இந்த முப்பது அடியில்தான். செப்டிக் டேங்கை விட்டுப் பொதுச் சாக்கடைக்கு மாறுவது பொறியியல் கேள்வியாகத் தொடங்கினாலும், வந்து நிற்பது வீட்டுக்காரரின் நம்பிக்கையிலும் கைக்காசிலும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் கழிவறை குழாய்ச் சாக்கடையோடு இணைந்திருந்த வீடுகள் 32.7 சதவீதம். செப்டிக் டேங்க் வைத்திருந்தவை 38.2 சதவீதம். அதாவது அன்றைய நகர இந்தியாவில் தொட்டிக்கே முதலிடம். சாக்கடைக் குழாய் இரண்டாம் இடம்தான். தமிழ்நாட்டு நகரங்களும் இதற்கு விலக்கல்ல. ஆகவே 'மாறுவது' என்ற பேச்சு ஏதோ ஒதுக்குப்புறத்துப் புதுநகர் பிரச்சினை என்று எண்ணிவிடக் கூடாது.

செப்டிக் டேங்க் மட்டமான கண்டுபிடிப்பு இல்லை. 1860களில் பிரான்ஸில் ழான் லூயி மூராஸ் என்பவர் தன் வீட்டுக்குக் கட்டிய தொட்டியிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. 1881இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரப் பொறியாளர் டொனால்டு கேமரன் அதை மேம்படுத்தி இன்றைய பெயரையும் வைத்தார். வேலை செய்யும் விதம் எளிமையானது. கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு ஏடுபோல மேலே மிதக்கும், நடுவிலுள்ள தண்ணீர் தடுப்புச் சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கும் அங்கிருந்து உறிஞ்சு குழிக்கும் போய் மண்ணில் வடியும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் அடிவண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தொட்டி தானாகச் செய்வது அரைகுறைச் சுத்திகரிப்பு. மீதியை மண்தான் செய்ய வேண்டும். செப்டிக் டேங்க் என்பது தொட்டியும் மண்ணும் சேர்ந்த ஏற்பாடு என்பதைக் கட்டுகிறவர்களும் மறந்துவிடுகிறார்கள், கட்டிக்கொள்கிறவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

நம் ஊர்களில் அந்தப் பெயரில் பூமிக்குக் கீழே இருப்பதைப் பார்த்தால் மூராஸுக்கே அடையாளம் தெரியாது. அடியில் சிமெண்ட் போடாத பெரிய தொட்டி. இல்லையென்றால் ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கிய சிமெண்ட் உறைகள். அதுவும் இல்லையென்றால் உறிஞ்சு குழியே இல்லாமல், நிரம்பிய தண்ணீரைத் தெரு ஓரத்து மழைநீர் வடிகாலுக்குத் திருப்பிவிட்ட நாலு அங்குலக் குழாய். "பதினைந்து வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்கிறவர் எல்லாத் தெருவிலும் ஒருவராவது இருப்பார். இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வண்டலை எடுக்க வேண்டும் என்பது மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு வகுத்த விதி. பதினைந்து வருடமாக நிரம்பாத தொட்டி நல்ல தொட்டியாக இருக்க வாய்ப்பில்லை. நிரம்ப வேண்டியதெல்லாம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அந்த 'எங்கோ' பக்கத்திலேயே உள்ள போர்வெல்லாக இருக்கும்.

இதைச் சின்னக் கணக்கு ஒன்றால் பார்த்துவிடலாம். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. அரை கிரவுண்டு மனை முப்பதுக்கு நாற்பது அடி. ஒரு மூலையில் குழியும் நேர் எதிர் மூலையில் போர்வெல்லும் போட்டால்கூட இரண்டுக்கும் நடுவே ஐம்பது அடிதான் கிடைக்கும், அதாவது 15 மீட்டர் சொச்சம். விதியை மதிக்க மனையில் இடமே இல்லை. தன் மனைக்குள் எப்படியோ சமாளித்தாலும் பக்கத்து வீட்டுப் போர்வெல் மதில் சுவரை ஒட்டியே நிற்கும். கிருமிகளை மண் ஓரளவு வடிகட்டும். நைட்ரேட்டை வடிகட்டாது. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் அது போகாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்று இந்தியத் தரம் சொல்வது முதன்மையாகக் கைக்குழந்தைகளை நினைத்துத்தான். அந்த அளவு மிஞ்சினால் அவர்களின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது.

ஆக, மாறுவதா வேண்டாமா என்பதற்கு முதல் அளவுகோல் மனையின் அளவுதான். கிராமத்தில் தென்னந்தோப்பு நடுவே இருக்கும் வீட்டுக்குச் செப்டிக் டேங்க் போதும். தெரு நெடுகிலும் அரை கிரவுண்டாகப் பிரித்து விற்ற நகரில் அது போதாது. இதில் வாதத்துக்கு இடமில்லை. வாதம் வருவது அடுத்த படியில். பொதுச் சாக்கடை தேவை என்று ஊரே ஒப்புக்கொண்ட பிறகும், குழாய் வாசலுக்கு வந்த பிறகும், வீடுகள் ஏன் இணைவதில்லை?

வீட்டுக்காரர் இடத்தில் நின்று பார்த்தால் பதில் எளிது. தொட்டி ஏற்கெனவே இருக்கிறது. கட்டின செலவு என்றோ முடிந்துபோனது. வழிந்த தண்ணீர் இலவசமாக மழைநீர் வடிகாலில் போய்க்கொண்டிருக்கிறது. புது இணைப்புக்கு வைப்புத்தொகை கட்ட வேண்டும், சாலை வெட்டக் கட்டணம் கட்ட வேண்டும், பிளம்பருக்குக் கொடுக்க வேண்டும், பிறகு காலமெல்லாம் மாதக் கட்டணம் வேறு. இவ்வளவும் செய்தபின் கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் முன்பு எப்படிப் போனதோ அப்படியேதான் போகும். அவருக்குக் கண்ணுக்குத் தெரிந்த லாபம் எதுவும் இல்லை. லாபம் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும், ஊர்க் கோடியில் உள்ள ஏரிக்கும், பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும். அடுத்தவர் நலனுக்காக வீட்டுத் தரையை உடைக்கச் சொன்னால் யார் முன்வருவார்கள்? வாடகை வீடென்றால் இன்னும் சிக்கல். வைப்புத்தொகை கட்ட வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர், லாரிக்குப் பணம் கொடுப்பவர் குடியிருப்பவர். மாற வேண்டும் என்ற எரிச்சல் ஒருவருக்கு, மாற்றும் அதிகாரம் இன்னொருவருக்கு.

வீட்டின் அமைப்பும் குறுக்கே நிற்கிறது. பழைய வீடுகளில் கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கும். எடுப்புக் கக்கூஸ் காலத்தில் துப்புரவுத் தொழிலாளி பின்சந்து வழியாக வந்து போவதற்காகச் செய்த ஏற்பாடு அது. சாதி போட்டுக் கொடுத்த வரைபடம். எடுப்புக் கக்கூஸ் போய்ச் செப்டிக் டேங்க் வந்தபோதும் அதே இடத்தில் தொட்டி வந்தது. இப்போது பொதுச் சாக்கடை முன்தெருவில் வருகிறது. பின்னாலிருந்து முன்னால் குழாய் கொண்டுவர வேண்டுமானால் சமையலறை, கூடம், பூஜை அறை எல்லாவற்றின் தரையையும் உடைக்க வேண்டும், அல்லது சுவருக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டடிச் சந்து இருக்க வேண்டும். புது வீடுகளின் கதை வேறு. வாஸ்துக்காரர் தொட்டியை வடமேற்கில் போடச் சொல்லியிருப்பார், தெருவோ கிழக்கே இருக்கும். இதற்கெல்லாம் மேலே, தார்ச் சாலையைச் சுரண்டாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் போட்டு, பழைய வீடுகளின் தரை தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் சாக்கடை அடைத்துக்கொண்டால் தெருவின் கழிவு கழிவறை வழியே வீட்டுக்குள் திரும்பி வரும் என்ற பயம் பொய்ப் பயம் அல்ல. பொறியாளர்கள் 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று எழுதிவிட்டுப் போகும் இடங்களில் பெரும்பாலும் மக்களிடம் நல்ல காரணங்கள் இருக்கின்றன.

இந்தப் பின்னணியில்தான் ஆலந்தூரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் வீடுகளைத் தொட்டியிலிருந்து சாக்கடைக்கு மாற்றிய முயற்சிகளில் அதிகம் எழுதப்பட்டதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுதான் என்பது என் எண்ணம்.

ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் எல்லாம் சேர்ந்தது அன்றைய ஆலந்தூர் நகராட்சி. 2001இல் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தை நெருங்கியிருந்தது. சென்னையின் தோளில் உட்கார்ந்திருந்தும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் சாக்கடை அங்கே வரவில்லை. கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க். 1996 உள்ளாட்சித் தேர்தலில் வென்று நகராட்சித் தலைவரான ஆர்.எஸ்.பாரதி, பாதாள சாக்கடையைக் கையில் எடுத்தார். தமிழ்நாடு நகர்ப்புற உட்கட்டமைப்பு நிதிச் சேவை நிறுவனம் திட்டத்தை வடிவமைத்துக் கடனுக்கு வழி செய்தது. மதிப்பீடு சுமார் 34 கோடி ரூபாய். 120 கிலோமீட்டர் குழாய், இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீட்டு இணைப்புகள், பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம். அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, குறிப்பிட்ட காலம் இயக்கி, பிறகு நகராட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் அன்றைக்குப் புதுசு. கருத்தரங்குகளில் ஆலந்தூர் புகழ்பெற்றது இதனால்தான். 'அரசு - தனியார் கூட்டு' என்ற தலைப்பில் அது எத்தனையோ அறிக்கைகளில் இடம்பிடித்தது.

உண்மையில் புதுசு அது அல்ல. தெருவில் குழாய் இறங்குவதற்கு முன்னால் மக்களிடமிருந்து பணம் வாங்கியதுதான் புதுசு. வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் வைப்புத்தொகை. திட்டம் ஓடத் தொடங்கியபின் வீட்டுக்கு மாதம் 150 ரூபாய், வணிகத்துக்கு 450. அன்றைய பணத்தில் இது சிறு தொகை அல்ல. அப்போது நடைமுறையிலிருந்த ஐந்தாவது ஊதியக் குழுவில் மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளமே 2,550 ரூபாய். தோண்டாத குழிக்கு இரண்டு மாதச் சம்பளத்தை முன்கூட்டிக் கொடு என்று ஒரு நகராட்சி கேட்கிறது. கொடுத்தார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்கள் வீடுவீடாகப் போய்ப் பேசின. நகராட்சித் தலைவரும் கவுன்சிலர்களும் கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடத்தினார்கள். கடைசியில் வைப்புத்தொகையாக மட்டும் பல கோடி ரூபாய் சேர்ந்தது. 2000இல் வேலை தொடங்கி, 2003 வாக்கில் கழிவுநீர் ஓட ஆரம்பித்தது.

முன்பணம் திட்டச் செலவுக்கு உதவியது என்பது சரிதான். ஆனால் அதன் பெரிய பயன் வேறு. ஐயாயிரம் ரூபாய் கட்டியவர் இணைப்பு வாங்காமல் விடமாட்டார். தெருக் குழாய் வந்ததும் 'எப்போது தருவீர்கள்' என்று நகராட்சி வாசலில் போய் நிற்பார். பிற ஊர்களில் அதிகாரி வீட்டுக்காரரைத் துரத்திக்கொண்டிருக்க, இங்கே வீட்டுக்காரர் அதிகாரியைத் துரத்தினார். வழக்கமான வரிசையைத் தலைகீழாக்கியதில்தான் ஆலந்தூரின் வெற்றி இருக்கிறது. தனியார் பங்கு அதில் துணைக்கதை.

இதை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்றால், எனக்குச் சந்தேகம். நங்கநல்லூரில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்களும் வங்கி ஊழியர்களும் சொந்த வீட்டில் குடியிருந்தார்கள். மனுப் போடத் தெரிந்த, கணக்குக் கேட்கத் தெரிந்த மக்கள். சங்கங்களுக்கு நாற்காலி மட்டும் அல்லாமல் செல்வாக்கும் இருந்தது. பத்து ரூபாய்க்குக்கூட ரசீது கேட்கிற தெரு அது. வாடகைக்கு இருப்போர் பெரும்பான்மையான ஊரில், அல்லது பட்டா இல்லாத மனைகள் நிறைந்த ஊரில் இந்த முறை தடுக்கி விழும். 2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதே ஆண்டு சென்னையின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்ந்துகொண்ட புறநகர்களில் பல, செப்டிக் டேங்கோடுதான் வந்தன. அவற்றை இணைக்கும் வேலை சென்னைக் குடிநீர் வாரியத்தின் தலையில் விழுந்தது. 'அழைத்தால் இணைப்பு', 'இல்லந்தோறும் இணைப்பு' என்று வாரியம் தொலைபேசியில் விண்ணப்பமும் தவணையில் கட்டணமும் கொண்டுவந்தது நல்ல மாற்றம். ஆனால் வாரிய அலுவலகத்துக்கும் தெருவுக்கும் நடுவே, ஆலந்தூரில் இருந்ததுபோல் பதில் சொல்ல ஒரு முகம் இல்லை.

இணைப்புகள் குறைந்தால் என்ன ஆகும்? சிலர் சேராவிட்டாலும் சேர்ந்தவர்களுக்குக் குறை வராது என்று தோன்றலாம். வரும். சாக்கடைக் குழாயில் கழிவு தானாக நகர வேண்டுமானால் தண்ணீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். பத்தாயிரம் வீடுகளுக்காகப் போட்ட குழாயில் மூவாயிரம் வீட்டுத் தண்ணீர் மட்டும் வந்தால் வேகம் குறைந்து கனமானவை படியும். படிந்த வண்டலிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அந்த வாயு குழாயின் மேல்புறத்து ஈரத்தில் பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டையே அரிக்கும். இதனால்தான் நம் விதிப் புத்தகம் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது. சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர் போதும் என்கிறது. இரண்டு நாளைக்கு ஒருமுறை குடம் தூக்கும் ஊருக்குப் பாதாள சாக்கடை அறிவிக்கும் அமைச்சர்கள் இந்த எண்ணைப் பார்த்ததுண்டா என்று தெரியவில்லை. குடிநீர்த் திட்டம் முந்த வேண்டும், சாக்கடை பிந்த வேண்டும். இரண்டையும் தனித்தனிக் கோப்பில் வைத்திருக்கும் வரை ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

கோடையில் தண்ணீர் போதாமல் அடைக்கும் அதே குழாய், ஐப்பசி மழையில் தண்ணீர் மிஞ்சிப் பொங்கும். மழைநீருக்கும் கழிவுநீருக்கும் தனித்தனிக் குழாய் என்பது திட்டம். நடைமுறையில் மாடித் தண்ணீரைக் கழிவுக் குழாயில் விடுகிறவர்கள் உண்டு. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடும் நல்லெண்ணக்காரர்களும் உண்டு. மயிலாடுதுறையில் பாதாள சாக்கடை வந்தபின் சாலை திரும்பத் திரும்ப உள்வாங்கியது பல ஆண்டுகளாகச் செய்தியாகிக்கொண்டே இருந்தது. அதைப் படிக்கும் பக்கத்து ஊர்க்காரர் 'நம் தொட்டியே தேவலை' என்று சொன்னால் அவரைக் குறை சொல்ல என்னால் ஆகாது.

தொட்டியா, சாக்கடையா என்ற வாதத்தில் அதிகம் பேசப்படாதவர்கள் இரண்டுக்குள்ளும் இறங்குகிறவர்கள். 1993க்குப் பிறகு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கி இறந்தவர்கள் பற்றி நாடாளுமன்றத்தில் கொடுக்கப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடுதான் முதலிடத்தில் நின்றிருக்கிறது. இந்த மாநிலத்துக்கு இதைவிட வெட்கமான முதலிடம் இல்லை. மனிதர்களை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஹைட்ரஜன் சல்ஃபைடின் கொடுமை என்னவென்றால் குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை இல்லை, இறங்கலாம்' என்பதே சாவுக்கு அழைப்பு. உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சேர்ந்து இறப்பது அதனால்தான். பொதுச் சாக்கடை வந்தால் இந்த வேலை தானாக ஒழியும் என்று நம்புவது பேதைமை. சரியாக ஓடாத சாக்கடை, ஆயிரம் தொட்டிகளின் ஆபத்தை ஒரே மேன்ஹோலில் கொண்டுவந்து வைக்கிறது. அடைப்பெடுக்கும் இயந்திரம் வாங்காத ஊருக்குச் சாக்கடைத் திட்டத்தை அனுமதிக்கவே கூடாது என்பேன்.

வெளிநாட்டு அனுபவம் நமக்குப் பாடமா என்றால், ஆறுதலாகவாவது இருக்கும். அமெரிக்காவில் ஐந்தில் ஒரு வீட்டுக்கு மேல் இன்னும் செப்டிக் முறையில்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாக் கடற்கரையில் லாஸ் ஓசோஸ் என்ற சிற்றூர். அங்கே தொட்டிகளிலிருந்து நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறுகிறது என்று 1983இல் ஒழுங்குமுறை வாரியம் தீர்மானம் போட்டு, 1988இலிருந்து புதுத் தொட்டிகளைத் தடுத்தது. சுத்திகரிப்பு நிலையத்தை ஊருக்குள் வைப்பதா வெளியே வைப்பதா, செலவை யார் சுமப்பது என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. 2005இல் வேலை தொடங்கியபின் மக்கள் வாக்களித்து உள்ளூர்க் குழுவின் மூவரைப் பதவியிலிருந்து திருப்பி அழைத்தார்கள். வேலை நின்றது. அடுத்த ஆண்டு அந்த அமைப்பே திவாலானது. நிலையம் ஓடத் தொடங்கியது 2016இல். படித்த, பணமுள்ள ஊருக்கு முப்பத்து மூன்று ஆண்டு.

ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் கதை நமக்கு இன்னும் பக்கம். நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் தரை. தொட்டியில் விட்டது பவளப்பாறைக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. 1999இல் மாநிலம் சட்டம் போட்டு 2010க்குள் மாறச் சொன்னது, பிறகு 2015 வரை நீட்டித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தரையும் சுண்ணாம்புக்கல்தான். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது, கிணற்றை நம்பியே வாழ்க்கை. மலக்குழிகளும் தோட்டங்களுக்குப் போடும் உரமும் சேர்ந்து கிணறுகளில் நைட்ரேட்டை ஏற்றியிருப்பதை ஆய்வுகள் பல முறை காட்டியிருக்கின்றன. கீஸ் செலவழித்த பணம் யாழ்ப்பாணத்திடம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி வேறு வழி பிடித்தது. அங்கே சுமார் மூன்று லட்சத்து அறுபதாயிரம் வீடுகள் குழியிலும் தொட்டியிலும் இருந்தன. எல்லோருக்கும் குழாய் போட முடியாது என்று ஒப்புக்கொண்டு, நெருக்கமான இடங்களுக்குச் சாக்கடை, மற்ற இடங்களுக்கு நைட்ரஜனை அகற்றும் மேம்பட்ட வீட்டுத் தொட்டி என்று பிரித்தார்கள். செலவுக்காக விற்பனை வரியை எட்டில் ஒரு சதவீதம் கூட்டிக்கொள்ள 2024 நவம்பரில் வாக்காளர்களே சம்மதித்தார்கள். ஜப்பானில் வீட்டுத் தொட்டிக்கென்றே 1983இல் தனிச் சட்டம் வந்தது. ஆண்டுதோறும் சோதனை கட்டாயம். கழிவறை நீரை மட்டும் சுத்திகரித்துச் சமையலறை நீரை விட்டுவிடும் பழைய வகைத் தொட்டியைப் புதிதாகப் போடுவதற்கு 2001இலிருந்து தடை. தொட்டி வீட்டுக்காரர் மனையில் இருந்தாலும் அரசின் கண் அதன்மேல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. நம்மிடம் வீட்டு வரைபட அனுமதியோடு அந்தக் கண் மூடிக்கொள்கிறது.

ஏழை ஊர்களின் வழிகளைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். கராச்சியின் ஒராங்கியில் 1980இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய முயற்சியில், வீட்டுக் குழாயையும் சந்துக் குழாயையும் சந்து மக்களே காசு போட்டுப் பதித்தார்கள். பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பங்கு. பிரேசிலியாவில் குழாயை நடுத்தெருவில் ஆழமாகப் போடாமல், வீட்டுக் கொல்லைகளின் வழியாகவும் நடைபாதைகளின் கீழும் மேலோட்டமாகப் போட்டுச் செலவைக் குறைத்தார்கள். கழிவறை கொல்லையில் இருக்கும் நம் பழைய தெருக்களுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது அந்த முறை. தெற்கு ஆஸ்திரேலியச் சிற்றூர்களில் 1960களிலிருந்து இன்னொரு முறை நடக்கிறது. செப்டிக் டேங்கை இடிக்காமல் வைத்துக்கொண்டு, அதிலிருந்து தெளிந்து வரும் நீரை மட்டும் சிறு குழாயில் கொண்டுபோவார்கள். கனமானது தொட்டியிலேயே நின்றுவிடுவதால் குழாய் அடைக்காது, சரிவும் அவ்வளவு வேண்டாம். ஆனால் தொட்டியின் வண்டலைத் தவறாமல் எடுக்க வேண்டும். அது நமக்கு வராத பழக்கம்.

தமிழ்நாடு கடந்த பத்துச் சொச்ச ஆண்டுகளில் இந்தப் பழக்கத்தை வரவழைக்கச் சில நல்ல காரியங்கள் செய்திருக்கிறது. செப்டிக் டேங்க் கழிவு மேலாண்மைக்கென 2014இல் உள்ளாட்சிகளுக்கு வழிகாட்டு நெறிமுறை வந்தது. திருச்சியில் லாரிகள் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டாமல், கழிவுநீர் உந்து நிலையங்களிலேயே இறக்க இடம் செய்தார்கள். அங்கிருந்து அது குழாய் வழியே பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வீட்டுக்குக் குழாய் போகாவிட்டாலும் வீட்டுக் கழிவு குழாயைச் சேர்ந்துவிட்டது. செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் லாரிக் கழிவுக்கென்றே தனிச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. மதுராந்தகமும் அதைப் பயன்படுத்துகிறது. உரிமம் இல்லாமல் லாரி ஓட்டக் கூடாது என்று 2022இல் சட்டமும் திருத்தப்பட்டது. அடைப்புக்கோ தொட்டி நிரம்பினாலோ கூப்பிட 14420 என்ற எண் இருக்கிறது. சுவரில் எழுதிய கைபேசி எண்ணைத்தான் இன்னும் பலர் கூப்பிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

என் தீர்ப்பைக் கேட்டால், பேரூராட்சிகளுக்கும் சிறு நகராட்சிகளுக்கும் இப்போதைக்குக் கருங்குழி வழியே சரி. ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத, கோடையில் தண்ணீர் போதாத ஊரில் பாதாள சாக்கடை தோண்டுவது கடன் சுமையைத்தான் கூட்டும். பெருநகரங்களின் புறநகர்களுக்குச் சாக்கடையைத் தவிர வழி இல்லை. அங்கே தெருக் குழாய்க்கும் வீட்டுக் குழாய்க்கும் ஒரே ஒப்பந்தம் போட வேண்டும். கழிவறை வாசல்வரை போய் இணைத்துக் கொடுப்பது ஒப்பந்தக்காரர் வேலை, செலவைப் பத்தாண்டு மாதக் கட்டணத்தில் பிரித்து வாங்குவது வாரியத்தின் வேலை. கூடுதல் செலவாகும் என்பார்கள். பாதிக் குழாய் வெறுமனே கிடப்பதைவிட அது மலிவு.

சாக்கடைக்கு ஆதரவாக இன்னொரு கணக்கும் இருக்கிறது. தொட்டியிலிருந்து மண்ணுக்குப் போன தண்ணீர் போனதுதான். குழாயில் வந்த தண்ணீருக்கு விலை உண்டு. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019இல் தொடங்கிய நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் விற்கின்றன. ஏரி வறண்ட ஆண்டிலும் நிற்காத ஊற்று அது. அதே ஆண்டுக் கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் வறண்டு, சோழிங்கநல்லூர்ப் பக்கத்து அடுக்குமாடிகள் லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்ததை நினைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு விளங்கும்.

மாறுதலில் எல்லோரும் மறந்துவிடுவது பழைய தொட்டியை. இணைப்புக் கிடைத்த அன்றே குழாயை மாற்றிவிட்டு, தொட்டியை அப்படியே ஸ்லாப் போட்டு மூடி, மேலே டைல்ஸ் ஒட்டி வண்டி நிறுத்துகிறார்கள். சிலர் பாதிக் கழிவை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். சிலர் அதைக் கழுவி மழைநீர்த் தொட்டியாக்கப் பார்க்கிறார்கள், அதற்காக ஆளை உள்ளே இறக்குகிறார்கள். முறை என்னவென்றால், லாரி வந்து முழுவதையும் உறிஞ்ச வேண்டும், சுண்ணாம்பு போட வேண்டும், அடித்தளத்தில் ஓட்டை போட்டு மணலோ இடிபாடோ கொட்டி நிரப்ப வேண்டும். யாரும் உள்ளே இறங்கத் தேவையில்லை, எல்லாவற்றையும் மேலே நின்றே செய்யலாம். இதற்காகும் சில ஆயிரம் ரூபாயை இணைப்புக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டு, உரிமம் பெற்ற லாரி வந்துபோன ரசீதைக் காட்டினால்தான் தெருப்பக்க இணைப்பைத் திறந்துவிடுவோம் என்று வாரியமும் நகராட்சிகளும் விதி வைக்கலாம். அடுத்த திட்ட மதிப்பீடு தயாராகும்போது அதற்கென ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.